பேசுவோரில்லா மொழிக்கு ஒரு வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரைச் சார்ந்த கிங்ஸ் ஹீத் என்னும் இடத்திலே, புகையிரதப் பாதைக்குப் புறங்காட்டி நின்ற ஒரு வீட்டிற் கைம்பெண்ணொருவர் தம் இரு புதல்வரோடு வாழ்ந்து வந்தார். வேல்ஸ் நாட்டுச் சுரங்கங்களிலிருந்து நிலக்கரி ஏற்றி வந்த பெட்டிகள் அப்பாதையில் வந்து நிற்கும். அவற்றின் பக்கங்களில் வேல்ஸ் ஊர்களின் பெயர்கள் தீட்டப்பட்டிருந்தன. மூத்த சிறுவனுக்கு அப்பெயர்களின் பொருள் தெரியாது. அவற்றை உச்சரிக்கும் முறைதானும் தெரியாது. ஆயினும் கரித்தூசி படிந்த அவ்வெழுத்துக் கோவைகள் அவன் உள்ளத்தைப் பற்றிக்கொண்டன. வாழ்நாள் முழுவதும் விட்டகலவில்லை.

அச்சிறுவனே பிற்காலத்தில் 'த லோர்ட் ஒவ் த ரிங்ஸ்' என்னும் பெருங்கதையை எழுதிய ஜே. ஆர். ஆர். ரொல்கீன். 1892ஆம் ஆண்டு தென்னாபிரிக்காவின் புளும்பொன்ரெயின் நகரிற் பிறந்தவர். நான்கு வயதிலே தந்தையையும் பன்னிரண்டு வயதிலே தாயையும் இழந்தவர். இலத்தீன் மொழியை முதலில் அவருக்குக் கற்பித்தவர் அத்தாயே. பிள்ளைகள் தமக்குள் மறைமொழி சமைத்து விளையாடுதல் எந்நாட்டிலும் உள்ளதுதான். ரொல்கீனின் மைத்துனியர் விலங்குகளின் பெயர்களைக் கொண்டு அத்தகையதொரு மொழியைச் செய்திருந்தனர். அவரும் அதிற் பங்குகொண்டார். மற்றப் பிள்ளைகள் வளர்ந்ததும் விளையாட்டைக் கைவிட்டனர். இவரோ கைவிடவில்லை. ஸ்பானிய மொழியின் ஓசையைத் தழுவி இளமையிலேயே வேறொரு மொழியைத் தாமாகச் செய்யத் தொடங்கினார்.

1911இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்து எக்சற்றர் கல்லூரியிற் சேர்ந்த பின்னர், அக்கல்லூரி நூலகத்தில் அவர் கையில் ஒரு பின்னிய மொழி இலக்கணம் அகப்பட்டது. சார்ள்ஸ் எலியட் என்பார் எழுதிய நூல் அது. முன்பு சுவைத்தறியாத மதுவகைகள் நிறைந்த நிலவறையொன்றைத் திறந்தாற்போல் இருந்தது அவ்வனுபவமென்று முதுமையில் அவர் நினைவுகூர்ந்தார். பின்னிய மொழியை அவர் முற்றக் கற்றுக்கொள்ளவில்லை. தேர்வை நோக்கினாலும் இப்பித்து நன்மை செய்யவில்லை. 1913இல் கிரேக்க இலத்தீன் இலக்கியத் தேர்வில் இரண்டாம் வகுப்பே கிடைத்தது. ஒப்பியன் மொழிநூல் வினாத்தாளில் மட்டும் மிக உயர்ந்த தகுதி பெற்றிருந்தார். ஆசிரியர்கள் அதைக் கண்டு அவரை ஆங்கில மொழித் துறைக்கு மாறச்செய்தனர். மாணவன் எதிலே தவறினான் என்பதைவிட எதிலே தவறாதிருந்தான் என்பதை நோக்கிய அவ்வாசிரியர்கள் பாராட்டுக்குரியவர். 1915இல் ரொல்கீன் முதல் வகுப்பிலே தேறினார். அதே ஆண்டிலேதான் தாம் படைத்த புதுமொழிக்கு ஓர் அகராதி எழுதத் தொடங்கினார். அம்மொழியே குவென்யா.

குவென்யா பின்னிய மொழியிலிருந்து பெற்றுக்கொண்டவை பெரும்பாலும் சொற்களல்ல, ஓசையமைதியே. குறிலும் நெடிலுமாக ஐந்து உயிர்கள் அதில் உண்டு. சொல்லின் முதலில் இருமெய்கள் மயங்கி வாரா. சொல்லின் ஈற்றில் உயிர் நிற்கும். இன்றேல் ன், ர், ல், ஸ், த் போன்ற சில மெய்களே நிற்கும். வல்லொலிகள் மெலிந்து ஒலித்தல் மெல்லினத்தை அடுத்தும், சில இடங்களில் ல், ர் என்பவற்றை அடுத்துமே நிகழும். 'தம்பி', 'பந்து' என்பவற்றில் வரும் பகர தகரங்களை எண்ணிப்பார்க்கும் தமிழ் நேயருக்கு இவ்விதி எளிதில் விளங்கும். இது தற்செயலான ஒற்றுமையேயன்றிக் கடனன்று. ரொல்கீன் நோக்கியிருந்தது வடபுலத்துப் பின்லாந்தை. எனினும் பின்னிய மொழியை அவர் அப்படியே படியெடுத்தாருமில்லர். அம்மொழிக்குச் சிறப்பான உயிரிணக்கம் குவென்யாவில் இல்லை. பின்னிய மொழியிற் சொல்லின் அழுத்தம் என்றும் முதலசையில் விழும். குவென்யாவிலோ இலத்தீனைப்போல ஈற்றயலசை நீண்டதாயின் அங்கும், குறுகியதாயின் அதற்கு முந்திய அசையிலும் விழும். ஆகவே 'இஸில்டுர்' என்னும் பெயரில் நடுவசையும், 'ஒரொமெ' என்னும் பெயரில் முதலசையும் எடுத்து ஒலிக்கப்படும்.

பெயர்ச்சொல் வேற்றுமையுருபேற்கும் முறை இம்மொழியின் அணிகலன் எனலாம். 'கிர்ய' என்பது கப்பல். 'கிர்யன்ன' என்றால் கப்பலை நோக்கி. 'கிர்யல்லொ' என்றால் கப்பலிலிருந்து. 'கிர்யஸ்ஸெ' என்றால் கப்பலில். 'கிர்யனென்' என்றால் கப்பலால். 'கிர்யன்' என்றால் கப்பலுக்கு. ஆங்கிலம் முன்னிடைச் சொற்களை நிறுத்திக் கூறும் பொருளை இம்மொழி ஈற்றில் ஒட்டிக் கூறுகின்றது. எண்ணும் இருவகையோடு நின்றுவிடவில்லை: 'கிர்யர்' கப்பல்கள், 'கிர்யத்' இரு கப்பல்கள், ஒரு தொகுதியிற் சில என்றற்கும் வேறோர் உருபு உண்டு. வினைச்சொல்லும் எழுவாயைத் தன் ஈற்றிலே தாங்கும்; செயப்படுபொருளையுஞ் சிலபோது உடன் தாங்கும். 'உதூவியென்யெஸ்' என்னும் ஒரே சொல்லில் 'கண்டடைந்திருக்கின்றேன்' என்பதும் 'அதனை' என்பதும் அடங்கும்.

இவ்விடத்து நேயர் ஒன்றைக் கவனித்தல் தகும். கேட்போரையும் உளப்படுத்தி 'நாம்' என்கிறோம். கேட்போரை விலக்கி 'நாங்கள்' என்கிறோம். ஆங்கிலத்துக்கு இவ்வேறுபாடு கிடையாது; இலத்தீனுக்கும் பின்னிய மொழிக்குங் கிடையாது. குவென்யாவுக்கு உண்டு. 1954இல் வெளிவந்த கதையின் முதற்பாகத்திலே 'நமது சந்திப்பினது' என்னும் பொருளில் 'ஒமென்தியெல்மொ' என்றொரு சொல் வாழ்த்தொன்றில் அச்சாகியிருந்தது. 1960களின் நடுப்பகுதியில் வந்த இரண்டாம் பதிப்பில் அது 'ஒமென்தியெல்வொ' என்று திருத்தப்பட்டது. மகரம் வகரமாயிற்று, மாற்றம் அவ்வளவே. வாழ்த்துவோன் தன்னோடு வாழ்த்தப்படுவோனையுஞ் சேர்த்தே பேசுகிறான். ஆதலால் உளப்படுத்தும் உருபே அவ்விடத்துக்கு உரியதென்று, இலக்கணத்தைப் பின்னர் மாற்றியமைத்த ஆசிரியர் முடிவுசெய்துவிட்டார். பல்லாயிரம் படிகள் உலவிய நூலிலே, ஒருவரும் தாய்மொழியாகப் பேசாத மொழியின் ஓரெழுத்துக்காக ஒருவர் பதிப்பைத் திருத்தினார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இத்துணை நுட்பமாய் அமைந்த மொழியை அவர் தனிப்பட்ட இலக்கணப் பயிற்சியாகவே வைத்திருந்திருக்கலாம். அவ்வாறு இருக்கவொட்டாமற் செய்தது முதலாம் உலகப் போரின் காலம். 1916இல் ரொல்கீன் பிரான்சின் சொம் போர்க்களத்துக்கு அனுப்பப்பட்டார். பள்ளிப் பருவத்தில் உயிரொத்த தோழர் மூவர் அவருக்கு இருந்தனர். அவருள் இருவர் அவ்வாண்டிலேயே மாண்டனர். பதுங்குகுழிக் காய்ச்சலாற் பீடிக்கப்பட்டு நவம்பர் மாதத்தில் அவர் தாய்நாடு திரும்பினார். மருத்துவமனையிலும் ஓய்விலுமாகக் கழிந்த அந்நாட்களிலேதான் எல்ப் என்னும் கற்பனை மாந்தரின் கதைகளை எழுதத் தலைப்பட்டார். அகராதியிற் சொற்கள் இருந்தன. அவற்றைப் பேசுதற்கு வாய்கள் வேண்டியிருந்தன. பேசும் மக்களுக்கு ஊரும், அரசரும், பகையும், பிரிவும் வேண்டியிருந்தன.

1931இல் ஒக்ஸ்போர்டிலே தமது இப்பழக்கத்தைப் பற்றி நாணமும் நகைச்சுவையுங் கலந்து அவர் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். படைப்பயிற்சிக் காலத்து நிகழ்ச்சியொன்றை அதிற் கூறுகிறார். கூடாரமொன்றிற் சலிப்பூட்டும் விரிவுரை நடந்துகொண்டிருந்தது. பக்கத்திலிருந்த ஒருவர் தம்மை மறந்த நிலையில், செயப்படுபொருள் வேற்றுமையைச் சொல்லின் முன்னொட்டாற் காட்டுவதே நல்லது என்று முணுமுணுத்துவிட்டார். அவரும் மறைவாக ஒரு மொழி செய்துகொண்டிருந்தவர்! கேட்டுவிட்டார்களே என்று வெட்கிய அம்மனிதர் அதன்பின் தம் மொழியைப்பற்றி வாய்திறந்ததே அரிது. மொழி செய்வோனுக்கு அம்மொழியோடு கூடவே தொன்மக் கதையும் பிறந்துவிடும் என்பது அச்சொற்பொழிவில் ரொல்கீன் வற்புறுத்திய கருத்து. கதைக்காக மொழியைச் செய்தாரென்றே வாசகர் பலர் நினைத்தனர். உண்மை மறுதலையானது என்று 1955இல் தம் அமெரிக்கப் பதிப்பாளருக்கு அவர் எழுதினார்: மொழிகளுக்கு ஓர் உலகம் வேண்டுமென்றே கதைகள் எழுந்தன.

இக்கருத்தை ஓரிடத்தில் அவர் அளவு மீறிக் கொண்டுசென்றார். சமனொவ் என்னும் மருத்துவர் 1887இல் வெளியிட்ட எஸ்பெராந்தோ போன்ற பொதுமொழிகள், வழக்கிழந்த பழைய மொழிகளிலும் பார்க்கச் செத்தவை என்றும், அவற்றை ஆக்கியோர் கதைகளைப் படைக்காமையே அதற்குக் காரணமென்றும் ஒரு கடிதத்தில் எழுதினார். இது நேர்மையான தீர்ப்பன்று. எஸ்பெராந்தோவைப் பெற்றோரிடமிருந்தே கற்று வளர்ந்த பிள்ளைகள் உளர். அதில் நூல்கள் உள. அதைப் பேசுவோர் கூடும் மாநாடுகள் உள. கதை வளம் மிக்க குவென்யாவுக்கோ அவ்வாறு பிறந்து வளர்ந்த சமுதாயம் இல்லை. கதை ஒரு மொழிக்கு ஆழந் தரலாம். பேசும் நாவைத் தருவது வேறு.

ஆயினும் வரலாறு என்னும் ஒன்றை ரொல்கீன் அளித்ததுபோல் எந்தக் கற்பனை மொழிக்கும் அவருக்கு முன் எவரும் அளித்திலர் எனல் மிகையாகாது. அவர் தொழிலால் மொழிவரலாற்று ஆசிரியர். 1925 முதல் 1945 வரை ஒக்ஸ்போர்டில் பழைய ஆங்கிலப் பேராசிரியர். மொழியின் ஒலிகள் தான்தோன்றியாக மாறாமல் ஒழுங்குபட மாறும் என்னும் கொள்கையில் ஊறியவர். ஆகவே அவர் முதலில் ஒரு மூலமொழியை வகுத்து, ஒலிவிதிகளால் அதிலிருந்து இருமொழிகளைக் கிளைக்கச் செய்தார். ஒன்று குவென்யா, மற்றையது, நிலக்கரிப் பெட்டிகளிற் கண்ட வேல்ஸ் மொழியின் ஓசையைத் தழுவிய சிந்தரின்.

மூலமொழியில் 'க்வ்' என்று தொடங்கும் சொல் குவென்யாவில் அவ்வொலியைப் பேணும். சிந்தரினில் அது பகரமாகும். 'சொல்' என்பதற்குக் குவென்யாவில் 'க்வெத்த' என்றும் சிந்தரினில் 'பெத்' என்றும் வழங்குதல் இதனாலாயது. மெய்யான மொழிகளிலும் இதுவே நிகழ்ந்திருக்கின்றது: நான்கு என்னும் எண் இலத்தீனில் 'க்வத்துவொர்', வேல்ஸ் மொழியில் 'பெட்வர்'. மரத்துக்குக் குவென்யாவில் 'அல்டா', சிந்தரினில் 'கலத்'. மூலத்தின் முதற் ககரத்தைக் குவென்யா இழந்தது, சிந்தரின் காத்தது. நாட்டைக் குறிக்கும் மூலச்சொல் 'ந்ட்' என்று தொடங்கியது. குவென்யா அதன் முற்பகுதியைக் கொண்டு 'நோரெ' என்றது. சிந்தரின் பிற்பகுதியைக் கொண்டு 'டோர்' என்றது. கதையைப் படித்தோர் அறிந்த மோர்டோர், கொன்டோர் என்னும் நாட்டுப்பெயர்களின் ஈறு இதுவே. முன்னது கருநாடு, பின்னது கல்நாடு.

சிந்தரினின் இலக்கணமும் வேறுபட்டது. அதிற் பன்மை பெரும்பாலும் உள்ளுயிர் திரிந்து தோன்றும். 'அடன்' மனிதன், 'எடைன்' மனிதர். சொல்லின் முதலெழுத்தும் முன்நின்ற சொல்லுக்கேற்ப மெலியும். 'மெல்லோன்', அஃதாவது நண்பன் என்னுஞ் சொல், அவ்வாறு 'வெல்லோன்' ஆகும். இது வேல்ஸ் மொழியின் புகழ்பெற்ற இயல்பு. அம்மொழியில் 'மம்' என்பது தாய். 'அவன் தாய்' என்றற்கு 'இ வம்' என்பர். 'அவள் தாய்' என்றற்கு 'இ மம்' என்பர். ஆணையும் பெண்ணையும் பிரித்துக் காட்டும் பொறுப்பு முழுவதும் தாய் என்னுஞ் சொல்லின் முதலெழுத்தின்மீதே விழுகிறது. தம் பெருங்கதையின் இறுதிப்பாகம் வெளிவந்த மறுநாள், 1955 ஒக்டோபர் 21ஆந் தேதி, ரொல்கீன் ஒக்ஸ்போர்டில் ஆற்றிய பேருரை ஆங்கிலத்தையும் வேல்ஸ் மொழியையும் பற்றியது. கரிப்பெட்டிகளையும் அவ்வுரையில் அவர் மறந்தாரில்லை.

தொடக்கத்தில் வேல்ஸ் ஓசையுடைய மொழி, கடல் கடந்து வந்த நொல்டோர் என்னும் எல்ப் குலத்தாரின் சொந்த மொழியென்றே அவர் எழுதிவைத்திருந்தார். ஏறக்குறைய முப்பது ஆண்டுகளின் பின், ஒரே இடத்தில் வாழ்ந்த மக்களுடைய மொழிகள் இவ்வளவு தூரம் வேறுபட்டிருத்தல் பொருந்தாதென்று கண்டார். மொழியை மாற்ற மனமில்லை, வரலாற்றை மாற்றினார். புதிய வரலாற்றின்படி அது அந்நிலத்திலே முன்பிருந்து வாழ்ந்த சாம்பல்நிற எல்ப் மக்களின் மொழி. வந்தேறிய நொல்டோர் குவென்யா பேசுவோர். வந்தோர் தம் மொழியை விட்டு, இருந்தோர் மொழியைப் பேச நேர்ந்தது எவ்வாறு? அங்கேதான் திங்கொல் என்னும் அரசனின் ஆணை வருகின்றது. கடலுக்கப்பால் நொல்டோர் தன் உறவினரைக் கொன்று அவர்களுடைய கப்பல்களைக் கவர்ந்த செய்தி அவன் செவிக்கு எட்டியது. கொன்றவரின் மொழி தன் ஆட்சியில் ஒருவர் வாயிலும் வெளிப்படக் கேட்கலாகாதென்று அவன் கட்டளையிட்டான். கொலையிற் பங்கில்லாதவரும் அம்மொழியையே பேசினர் என்பது அவன் கணக்கில் வரவில்லை. குவென்யா அரசவைச் சடங்குக்கும் பழம்பாடலுக்கும் ஏட்டுக்கும் உரியதாய் ஒடுங்கியது; வீட்டிலும் வீதியிலும் மற்றையது வழங்கிற்று. ஐரோப்பாவில் இலத்தீன் அடைந்த நிலையே தம் குவென்யாவின் நிலையென்று ரொல்கீன் கூறுவார்.

ஆணையினால் ஒரு மொழி ஒடுங்கியதைக் காட்டியவர், ஒற்றை ஒலியினாற் குடும்பமொன்று பிளந்ததையுங் காட்டினார். ஏறத்தாழ 1968இல் எழுதப்பட்டு, அவர் மறைந்த பின் 1996இல் அவர் மகன் கிறிஸ்ரோபர் வெளியிட்ட கட்டுரையிலே அது காணப்படுகின்றது. பழைய குவென்யாவில் நுனிநாவைப் பல்லிடையில் வைத்து மூச்சை விடும் ஒலியொன்று இருந்தது. ஆங்கிலத்தின் மூன்று என்னும் எண்ணுப்பெயரின் முதலொலி போன்றது. நொல்டோர் அதைப் படிப்படியாக ஸகரமாக ஒலிக்கத் தொடங்கினர். அரசன் பின்வெயின் மனைவி மீரியெல் நெசவிலும் பூவேலையிலும் வல்லவள். 'தெரிந்தெ', அஃதாவது ஊசிக்காரி, என்பது அவள் சிறப்புப்பெயர். தன் பெயரைப் பழைய ஒலிப்படியே வழங்கவேண்டுமென்று அவள் விரும்பினாள். மகன் பெயனோரைப் பெற்றபின் அவள் உயிர் துறந்தாள். அரசன் இந்திஸ் என்பவளை மணந்தான். ஊராரெல்லாம் இறந்தவளை 'ஸெரிந்தெ' என்றனர். மகன் மட்டும் 'தெரிந்தெ' என்றான். ஸகரத்தைத் தன் தாய்க்கு இழைத்த அவமதிப்பாகக் கொண்டான். அவ்வாறு ஒலிப்போர் யாவரும் தன்னைத் தள்ளினோரே என்று தன் புதல்வருக்கும் போதித்தான்.

இக்கதையின் கசப்பு இன்னோரிடத்தில் உள்ளது. இந்திஸ் பிறந்த குலத்தார் பழைய ஒலியை விடாது பேணியவர்கள். அவள் வாய்க்கு 'தெரிந்தெ' என்பதே இயல்பாய் வந்திருக்கும். புகுந்த குலத்தாரோடு ஒன்றி வாழவேண்டுமென்ற நல்லெண்ணத்தினாலேயே அவள் தன் பிறப்பு வழக்கை விட்டு ஸகரத்தை ஏற்றாள். அந்நல்லெண்ணமே பகைக்கு வித்தாயிற்று. விவிலியத்தின் நீதித் தலைவர்கள் ஆகமத்திலே, யோர்தான் துறையில் 'ஷிபோலெத்' என்று ஒலிக்க மாட்டாமல் 'ஸிபோலெத்' என்றவர்கள் வெட்டப்பட்டனர் என்றும், அங்ஙனம் எப்பிராயீமரில் 42,000 பேர் மாண்டனர் என்றும் வருகின்றது. ரொல்கீனின் கட்டுரைக்கு அச்சொல்லே தலைப்பில் அமைந்தது.

எல்ப் மக்களின் எழுத்தைச் சீர்செய்து அமைத்தவனும் இப்பெயனோரே என்பது கதை. எழுத்தமைப்பு ஒலிநூல் அறிவோடு இயற்றப்பட்டது. தலைமை எழுத்துக்கள் 24; அவை பல், இதழ், அண்ணம் முதலிய ஒலிப்பிடங்களுக்கேற்ப நான்கு நிரல்களிலும், ஒலிக்கும் முயற்சிக்கேற்ப ஆறு வரிசைகளிலும் நிற்கும். ஒவ்வோர் எழுத்தும் ஒரு தண்டும் ஒரு வளைவுங் கொண்டது. வளைவை இரட்டித்தால் வல்லொலி ஒலிப்புடையதாகும். தண்டை மேலே உயர்த்தினால் அடைப்பொலி உரசொலியாகும். தகர எழுத்தின் தண்டை உயர்த்தப் பிறப்பது அந்தப் பழைய பல்லொலிக்கு உரிய எழுத்து. ஆவி என்னும் பொருளில் அதற்கு 'தூலெ' என்று பெயரிட்டிருந்தனர். ஒலி மாறியபின் எழுத்தின் பெயரும் 'ஸூலெ' ஆயிற்று. வடிவம் மட்டும் மாறவில்லை. பகைவர் எவ்வாறு ஒலித்தாலும் ஏட்டிலே அவன் தாயின் பெயர் பழையபடியே நின்றது.

ரொல்கீன் 1973 செப்டெம்பர் 2ஆந் தேதி மறைந்தார். அறுபது ஆண்டுகளுக்கு அண்மையாக உழைத்தும், முடிந்த முடிபான இலக்கணமொன்றை அவர் வெளியிட்டாரில்லை. அவ்வப்போது விதிகளை மாற்றினார். மாற்றியதை மீண்டும் மாற்றினார். ஒரே உருபுக்கு வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு விளக்கம் எழுதினார். அவர் விட்டுச்சென்ற தாள்கள் அன்று முதற் சிறிது சிறிதாக அச்சேறி வருகின்றன. 1960களில் வாசகர் ஒருவருக்கு அவர் எழுதியனுப்பிய தாளொன்றில், 'கிர்ய' கப்பல், 'லஸ்ஸெ' இலை என்னும் இருசொற்களும் வேற்றுமைதோறும் அடையும் வடிவங்கள் அட்டவணையாக உள்ளன. ஏறக்குறைய எல்லா வரிகளுக்கும் வேற்றுமையின் பெயர் குறிக்கப்பட்டிருக்கின்றது. 'கிர்யஸ்' என்றொரு வடிவத்துக்கு மாத்திரம் பெயர் எழுதாமல் விட்டுவிட்டார். அது எவ்வேற்றுமை என்று ஆர்வலர் நெடுங்காலம் வாதிட்டனர்.